கறுப்புக் கண்ணாடி போட்ட வாத்து

எங்கள் கடைப் பெட்டிகளில் கிளிகள் எப்போதும் தூங்கிக்கொண்டிருக்கும். மூடியின் நடுவில் ஒரு ரோஜாக் கிளை, அதில் ஒரு பச்சைக் கிளி, அதன் தலை இறக்கைக்குள். மயில் வரைந்தால் அது முதுகைக் காட்டித்தான் நிற்கும். தர்மபுரி கடைவீதியில் தகரப் பெட்டி வாங்குகிறவர்கள் யாரும் இதை ஏன் என்று கேட்டதில்லை. ரோஜா சிவப்பாக இருக்கிறதா, கொண்டி சரியாக மாட்டுகிறதா, அவ்வளவுதான் பார்ப்பார்கள்.

காரணம் எங்கள் வீட்டில் இருந்தது. உயிருள்ள எதற்கும் கண் வரையக் கூடாது. கண் வைத்தால் உயிர் கொடுத்த மாதிரி ஆகிவிடும், அது நம் வேலை கிடையாது என்பார் அத்தா. அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். சம்பளத்துக்கு இருந்த பெயின்டரும் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டிருந்தார். கண் வரைவதுதான் கஷ்டமாம், அவருக்கு வேலை மிச்சம்.

நான் எஸ்.எஸ்.எல்.சி. எழுதிவிட்டு வீட்டில் இருந்த கோடையில், அந்தப் பெயின்டர் சேலத்துக்கு சினிமா பேனர் எழுதப் போய்விட்டார். சொல்லாமல் போனார். பள்ளிக்கூடம் திறக்க மூன்று வாரம். எங்களுக்கு அதுதான் சீசன். அத்தா தகரத்தை வெட்டுகிறார், அவர் தம்பி சாச்சா ஈயம் பற்ற வைக்கிறார், பெட்டிகள் வெறும் மூடியோடு கூரை வரை ஏறி நிற்கின்றன.

"பள்ளிக்கூடத்துல படம் வரைஞ்சி பரிசு வாங்குனேன்ல, நான் வரையறேன்" என்றேன்.

"ரோஜா வரைவியா?" என்றார் அத்தா.

"வரைவேன்."

வரையத்தான் செய்தேன். முப்பது ரோஜா. முப்பது தூங்கும் கிளி. முப்பத்தொன்றாவது கிளியைத் தூங்க வைக்கும்போது எனக்கே கொட்டாவி வந்துவிட்டது.

பெட்டிக்கு உள்பக்கம் ஒட்டுவதற்கு பெங்களூரிலிருந்து பழைய பேப்பர் எடைக்கு வரும். அந்தக் கட்டுகளுக்குள் வண்ணமயமான இங்கிலீஷ் படக்கதைப் புத்தகங்கள் இருக்கும். எட்டாவது படிக்கும்போதிலிருந்தே அவற்றை உருவி என் படுக்கைக்குக் கீழே சேர்த்து வைத்திருந்தேன். மனுஷர் மாதிரி நடக்கிற வாத்து, கோட்டுப் போட்ட கரடி, முதுகில் அங்கி பறக்க வானத்தில் போகிற வீரன். பென்சில் டப்பாவிலும் பிஸ்கட் டின்னிலும்கூட அவர்கள்தான். எங்கள் தெருக் குழந்தைகளுக்கு மாவட்ட கலெக்டரைத் தெரியாது, அந்த வாத்தைத் தெரியும்.

எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான். அந்த வீரன் ஏன் எப்போதும் அந்த உயரக் கட்டிட ஊரிலேயே பறக்கிறான்? பாலக்கோடு தக்காளிச் சந்தைக்கு மேலே வந்தால் காற்று அவனைத் தாங்காதா?

முப்பத்தொன்றாவது கிளியைத் துடைத்துவிட்டு வாத்தை வரைந்தேன். லுங்கியை மடித்துக் கட்டி, ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுகிற வாத்து. காதில் ஒரு பீடி. அடுத்த மூடியில் கரடி, அரூர் பஸ்ஸின் கூரையில் புளி மூட்டை மேல் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறது. அடுத்ததில் வீரன், தலையில் தக்காளிக் கூடை, அங்கிக்குப் பதில் தோள் துண்டு பறக்கிறது. இன்னொரு மூடியில் அவனையே பெண்ணாக்கினேன். வத்தல்மலைப் பெண். முந்தானை பின்னால் பறக்க, தலையில் சாமை மூட்டையோடு மலைப் பாதையைத் தொடாமல் மேலே போகிறாள். கீழே நடந்து ஏறுகிறவர்கள் நமக்கு முதுகைக் காட்டி அவளை அண்ணாந்து பார்க்கிறார்கள். ஒரே நாளில் ஏழு மூடி.

சாச்சா முதலில் பார்த்தார். "என்னா புள்ள இது, வாத்துக்கு லுங்கி கட்டி விட்டிருக்கே?"

"பரிசல் ஓட்டறவன் கோட்டா போடுவான், சாச்சா?"

"சரி, பீடி யாருது?"

"உங்களுது."

அவர் சிரித்த சத்தத்தில் அத்தா வந்துவிட்டார். குனிந்து பார்த்தார். வாத்து அவரைத் திருப்பிப் பார்த்தது. ஆமாம், வேகத்தில் நான் கண் வரைந்திருந்தேன். ஏழு மூடியிலும்.

"கண்ணு வெச்சிட்டியா?" என்று கத்தினார் அத்தா. அவர் கத்துவது அபூர்வம். வாசலில் மகள் கல்யாணத்துக்குப் பெரிய பெட்டி பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் திடுக்கிட்டுத் திரும்பினார். "யாருங்க கண்ணு வெச்சது? எம் பொட்டி மேலயா?" என்றார். இல்லை இல்லை, இது வேறு கண் என்று சாச்சா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். கண் பட்ட பெட்டி கல்யாணத்துக்கு ஆகாது என்று அந்த மனிதர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போயே போய்விட்டார்.

"அழி" என்றார் அத்தா.

எனாமல் பெயிண்டை அழிக்கத் துடைத்தால் மொத்தப் படமும் இழுபட்டுப் போகும். டர்பன்டைன் துணியைக் கையில் எடுத்தேன். பிறகு அதைக் கீழே போட்டுவிட்டுக் கறுப்பு டப்பாவை எடுத்தேன். ஒரு கண் மேல் ஒரு வட்டம், மறு கண் மேல் ஒரு வட்டம், நடுவில் ஒரு கோடு. கூலிங் கிளாஸ். வாத்துக்கு, கரடிக்கு, வீரனுக்கு, மலைக்காரிக்கு, மூடிக்கு ஒன்று.

அத்தா மூடியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"இப்ப கண்ணு இருக்கா அத்தா?"

"இல்ல." மூடியைச் சாய்த்துப் பார்த்து, "கண்ணாடிக்கு உள்ள?" என்றார்.

"உள்ள என்னா இருக்குன்னு எனக்குந் தெரியாது."

சாச்சா ஈயக் கோலை வைத்துவிட்டு வெளியே போய்ச் சிரித்தார். அத்தா சிரிக்கவில்லை. "சந்தை நாள் வரைக்கும் வெச்சிப் பாரு. ஒண்ணாச்சும் போகலைன்னா ஏழுக்கும் பச்சை அடிச்சிருவேன். அப்பறம் கிருஷ்ணகிரிலேருந்து பெயின்டரக் கூட்டியாந்துருவேன். நீ டைப் கிளாஸுக்குப் போ. இது விளையாடற மாசமில்ல."

அதாவது, ஒரு பெட்டி விற்றால் தூரிகை என் கையில். விற்காவிட்டால் டைப்ரைட்டர்.

சந்தை நாளில் ஏழையும் கடை முன்னால் வரிசையாக நிறுத்தினேன். கூட்டம் சேரத்தான் செய்தது. ஆனால் நான் ஒரு விஷயத்தை மறந்திருந்தேன். அந்தக் கோடையில் ஊரெல்லாம் கண் நோய். ஸ்டாண்டில், டீக்கடையில், எங்கே பார்த்தாலும் ஆட்கள் கறுப்புக் கண்ணாடியோடு திரிந்துகொண்டிருந்தார்கள்.

"அடடா, வாத்துக்கும் மெட்ராஸ் ஐ வந்துருச்சா?" என்றான் ஒருவன்.

"கரடிக்குந்தான் பாரு. ரெண்டும் ஒரே பஸ்ல வந்துருக்கும்."

"டேய், தொடாதடா, ஒட்டிக்கும்!" ஒரு அப்பா தன் பையனின் கையைப் பிடித்து இழுத்தே விட்டார். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

"இது ஸ்டைலுங்க" என்றேன். "நோய் இல்லீங்க." நான் சொல்லச் சொல்ல இன்னும் சிரித்தார்கள். வெள்ளைக்காரன் பொம்மையைக் காப்பி அடித்ததற்கு ஸ்டைல் வேறா என்று ஒரு கதர்ச்சட்டைக்காரர் கேட்டார். எந்த வெள்ளைக்காரன் பொம்மை சாமை மூட்டை தூக்குகிறது, காட்டுங்கள் என்றேன். பெண்பிள்ளை கடைவாசலில் நின்று வாயடிக்கிறாள் என்று முணுமுணுத்துக்கொண்டே போனார். போகட்டும்.

மத்தியானம் வத்தல்மலையிலிருந்து ஒரு அம்மா வந்தார். மகளை ஹாஸ்டலில் சேர்க்கப் பெட்டி வாங்க வந்திருக்கிறார். அந்தப் பெண்ணுக்குப் பத்து வயதிருக்கும். நேராக மலைக்காரிப் பெட்டியின் முன்னால் போய் உட்கார்ந்துவிட்டது.

"ஆத்தா, இவ நடக்காமயே மலையேறுறா!"

அந்த அம்மாவும் குனிந்து பார்த்தார். "எங்க ஊரு ஏத்தந்தான் இது. அந்த வளைவுகூட வந்துருக்குது." பின்னால் தகரம் வெட்டுகிற சத்தம் நின்றுவிட்டது, அத்தா கேட்டுக்கொண்டிருக்கிறார்.

"இதையே குடும்மா" என்றார் அந்த அம்மா. "ஆனா அந்தக் கண்ணாடிய எடுத்துட்டுக் கண்ணு வரைஞ்சி குடு. புள்ள தனியாக் கெடக்கும் ஹாஸ்டல்ல. இவளாச்சும் பாத்துக்கிட்டு இருக்கட்டும்."

இரண்டு வெள்ளைப் புள்ளி, இரண்டு கறுப்புப் புள்ளி. ஒரு நிமிட வேலை. தூரிகை என்னுடையதாகிவிடும். அத்தா வேண்டாம் என்று குரல் கொடுப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கொடுக்கவில்லை.

நான் மலைக்காரியைப் பார்த்தேன். ஒரு வாரமாக அவளை அப்படியே பார்த்துப் பழகிவிட்டிருந்தது. யாரைப் பார்க்கிறாள் என்று எவனுக்கும் தெரியாத அந்தத் திமிர். வெளிநாட்டுப் புத்தகத்தில் இருந்த எவனிடமும் அது கிடையாது. நான் கொடுத்தது அது.

"முடியாதுங்க" என்றேன்.

"ஏம்மா, உங்கப்பா வேணான்னாரா?"

"அவரு சொன்னது மொத நாளு. இப்ப நாந்தான் சொல்றேன். கண்ணாடி இருக்கும்."

அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஒரு தூங்கும் கிளிப் பெட்டியை வாங்கிக்கொண்டு, அழுகிற மகளை இழுத்துக்கொண்டு போனார். சாயங்காலம் ஏழு பெட்டியும் நிறுத்திய இடத்திலேயே நின்றன.

அத்தா சொன்னால் சொன்னதுதான். பச்சை டப்பாவைத் திறந்தார். பட்டைத் தூரிகையால் ஏழு மூடியிலும் ஒரே இழுப்பாகப் பூசினார். நான் போய் நிற்கவில்லை என்று நினைக்காதீர்கள். பக்கத்திலேயே நின்றேன். "அடிங்க. காய்ஞ்சதும் அதுக்கு மேலதான் வரைவேன்" என்றேன். "டைப் கிளாஸ்ல வரைய விடுவாங்களா?" என்றார், தலை நிமிராமல்.

காலையில் சாச்சாதான் கூப்பிட்டார். வீட்டுக்கும் கடைக்கும் நடுவில் ஒரு கதவுதான். ஓடினேன். ஏழு பச்சை மூடிகள். பரிசல் இல்லை, பஸ் இல்லை, மலை இல்லை. ஆனால் ஒவ்வொன்றிலும் இரண்டு இருண்ட வட்டம், நடுவில் ஒரு கோடு. அது விலை மலிந்த பச்சை. ஒரு தடவை பூசினால் கறுப்பு அடங்காது. கண்ணாடிகள் மட்டும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தன.

"அண்ணே, இன்னொரு கோட்டு அடிக்கணும் போலிருக்கே" என்றார் சாச்சா, முகத்தைச் சிரமப்பட்டு நேராக வைத்துக்கொண்டு. பச்சை தீர்ந்துவிட்டிருந்தது. அத்தா டப்பாவைக் கவிழ்த்துக் காட்டினார்.

மூன்றாம் நாள் மலைக்கார அம்மா திரும்பி வந்தார், கிளிப் பெட்டியோடும் மகளோடும். "இத மாத்திக் குடுங்க சாமி. கண்ணாடிக்காரிதான் வேணும்னு சோறு திங்க மாட்டேங்குது." பிறகு பச்சை மூடிகளைப் பார்த்துக் கிளிப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டார். அந்தப் பெண் மட்டும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போய், நான்காவதில் நின்றது. "இதுதான். பச்சைக்குள்ள நிக்கிறா" என்றது.

அது மலைக்காரிதானா, கரடியா, எனக்கே சத்தியமாகத் தெரியாது.

நான் அத்தாவைக் கேட்கவில்லை. தூரிகையை எடுத்து உட்கார்ந்தேன். பச்சை முழுக்க மலை என்றாகிவிட்டது, அதற்குத் தனியாக வேலை இல்லை. இரண்டு வட்டத்தைச் சுற்றி முகம், முகத்துக்குக் கீழே உடம்பு, பறக்கிற முந்தானை, மூட்டை. போன தடவையைவிட நன்றாக வந்தது. மூடி காயாததால் அதைத் திறந்து பிடித்தபடியே, ஆளுக்கொரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். அந்த ஹாஸ்டலிலிருந்து அடுத்த வாரம் நான்கு பேர் வந்தார்கள். "கண்ணாடிப் பொட்டி இருக்குங்களா?" என்று கேட்டார்கள். இது தகரக் கடை, கண்ணாடியில் பெட்டி செய்வதில்லை என்று அத்தா சொல்லிக்கொண்டிருந்தபோது நான் உள்ளேயிருந்து கத்தினேன், "இருக்குது, இருக்குது!"

கிருஷ்ணகிரி பெயின்டர் வரவில்லை.

இது நடந்து நான்கு வருஷம் ஆகிறது. அமெரிக்காவில் சிலர் படக்கதைக் கட்டங்களைப் பெரிது பெரிதாக வரைந்து சுவரில் மாட்டுகிறார்களாம். லைப்ரரியில் ஒரு பத்திரிகையில் படித்தேன். மாட்டட்டும். என் படத்துக்குள் பாவாடை சட்டையும் நோட்டுப் புத்தகமும் வைத்துப் பூட்டுகிறார்கள். காப்பி என்று சொல்கிறவர்கள் இன்னும் சொல்கிறார்கள். அவர்களையும் இரண்டு மூடியில் வரைந்திருக்கிறேன், கண்ணாடியோடு.

அத்தா பச்சை டப்பாவை இன்னும் தன் கைக்கெட்டும் இடத்தில்தான் வைத்திருக்கிறார். கறுப்பு டப்பா என் பக்கம்.