கிள்ளானில் ஒரு மொட்டைத் தலை

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு எங்கள் ஊரான தைப்பிங்கை விட்டுக் கிளம்பினோம். வேனில் பதினொரு பையன்கள், ஓட்டுநர் மணியம் அண்ணன், நான். பள்ளியில் நான் புவியியல் ஆசிரியை. மாட்டேன் என்று சொல்லத் தெரியாத ஆளாகப் பார்த்துத்தான் கிரிக்கெட் அணியை என் தலையில் கட்டினார்கள்.

போகுமிடம் பக்கத்து மாநிலத்தின் கிள்ளான், ஏறக்குறைய முந்நூறு கிலோமீட்டர். போன வருடமும் போனோம். கிள்ளான் பையன்கள் எங்களை முப்பத்தொரு ரன்னில் சுருட்டினார்கள். மதியச் சாப்பாடு வந்து சேருவதற்குள் மொத்த ஆட்டமும் முடிந்துவிட்டது. அவர்கள் கொடுத்த பிரியாணியைத் தலை நிமிராமல் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம்.

கேப்டன் தினேஷ் அதை மறக்கவில்லை. அவனுக்கு இது ஐந்தாம் படிவம், பள்ளியில் கடைசி வருடம். எங்களிடம் உருப்படியாக மட்டை பிடிக்கத் தெரிந்தவனும் அவன் ஒருவன்தான்.

"ஜெயிக்கிறது அப்புறம் டீச்சர். சாப்பாடு வந்தப்புறமும் நான் ஆடிக்கிட்டு இருக்கணும். அவங்க வெயில்ல நின்னு அதைப் பாக்கணும்," என்றான்.

ஒன்பதரை மணிக்குப் பத்துமலை முருகன் கோயில். டூருக்கு அனுமதி கிடைத்தால் முருகனுக்கு முடி கொடுப்பதாக அவன் வேண்டியிருந்தான். நானும் மணியம் அண்ணனும் இரண்டரை வெள்ளிக்கு வாங்கிய தே தாரிக் தேநீரைக் குடித்து முடிப்பதற்குள் அந்தச் சுருட்டை முடிக்காடு காணாமல் போய், சந்தனம் பூசிய மொட்டையோடு வந்து நின்றான். ஆளையே அடையாளம் தெரியவில்லை.

"நல்லதுதான் டீச்சர், நாளைக்கு வெயிலுக்குக் குளுகுளுன்னு இருக்கும்," என்றார் மணியம் அண்ணன். நானும் சிரித்தேன். பதிமூன்று பேரில் ஒருவருக்காவது அடுத்த நாள் மாட்ட வேண்டிய ஹெல்மெட் ஞாபகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

தலைநகரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் ஒரு மலிவான விடுதியில் தங்கினோம். வாழை இலைச் சாப்பாடு, சைவம், பத்து வெள்ளி. ரசம் கேட்கக் கேட்க ஊற்றினார்கள். மாலை முழுக்கப் பூக்கடை வாசமும் மோனோரயில் சத்தமும். எங்கள் ஊரில் ஏரியைச் சுற்றி நடந்தால் தவளைச் சத்தம் கேட்கும். இங்கே சாலையைக் கடக்கவே தனித் துணிச்சல் வேண்டும்.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்குக் கிள்ளான் மைதானத்தில் தினேஷ் ஹெல்மெட்டை மாட்டினான். அது அப்படியே கீழே இறங்கிக் கண்ணை மூடியது. தலையைத் திருப்பினான், ஹெல்மெட் திரும்பவில்லை. பள்ளியில் இருப்பதே மூன்று, மூன்றும் ஒரே அளவு, முடி இருந்த காலத்தில் வாங்கியது.

நடுவராக நின்ற கிள்ளான் பள்ளி ஆசிரியர் கையை விரித்தார். "சாரி டீச்சர். வேகமா வர்ற போல் முகத்துல பட்டா யார் பதில் சொல்றது? இப்படி உள்ள விட முடியாது லா."

அவர் சொன்னதில் தப்பில்லை. எனக்குத்தான் கோபம் கோபமாக வந்தது. முருகன் மேலா, மணியம் அண்ணன் மேலா, என் மேலா என்று தெரியவில்லை. கிள்ளான் அணியின் ஹெல்மெட்டுகளும் பெரியவைதான். உள்ளே துண்டை வைத்துப் பார்த்தோம், நழுவியது. என் துப்பட்டாவைச் சுற்றினோம், ஹெல்மெட்டே இறங்கவில்லை. பத்து மணிக்கு வேறு இரண்டு பையன்களை முதலில் ஆட அனுப்பினோம். நான்காவது ஓவரில் ஒருவன் அவுட், அதே ஓவரில் இன்னொருவன். ஸ்கோர் ஒன்பது. தினேஷ் கால்காப்புகளோடு உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அழுதுவிடுவானோ என்று பயந்தேன்.

அந்த இரண்டு விக்கெட்டையும் எடுத்த கிள்ளான் பையன் ஹர்ஜித், சீக்கியன், எல்லைக்கோட்டைத் தாண்டி எங்களிடம் ஓடி வந்தான். தமிழ்ப் பையன்களோடு வளர்ந்தவன் என்பது வாயைத் திறந்ததும் தெரிந்தது.

"ப்ரோ, அசையாம உக்காரு. இது எனக்குத் தினம் வேலை."

தன் பையிலிருந்து துவைத்து மடித்த பட்கா ஒன்றை எடுத்தான். சீக்கியப் பிள்ளைகள் தலையோடு இறுக்கிக் கட்டுகிற துணி அது. இரண்டே இழுப்பில் தினேஷின் மொட்டையில் கட்டி, மேலே ஹெல்மெட்டை வைத்து ஆட்டிப் பார்த்தான். அசையவில்லை. நடுவரும் வந்து தட்டிப் பார்த்துத் தலையாட்டினார்.

"உன் போலைத்தான் அடிப்பேன், தெரியும்ல?" என்றான் தினேஷ்.

"அடிச்சுப் பாரு லா," என்று சொல்லிவிட்டு ஹர்ஜித் பந்தைக் கேட்டு வாங்கினான்.

அடித்தான். ஹர்ஜித்தின் பந்துகளையும் விடவில்லை. பதினொன்றேகாலுக்குச் சாப்பாட்டு வேன் வந்தபோது தினேஷ் ஐம்பதைத் தாண்டி ஆடிக்கொண்டிருந்தான். கிள்ளான் பையன்கள் வெயிலில் நின்று பிரியாணிப் பொட்டலங்கள் இறங்குவதைப் பார்த்தார்கள். ஆசிரியை என்பதையெல்லாம் மறந்து விசில் அடித்தேன். கடைசி ஓவரில் ஹர்ஜித் அவன் ஸ்டம்பைப் பெயர்த்தான். எங்கள் ஸ்கோர் நூற்றுப் பதினெட்டு. சாப்பிட்டுவிட்டு வந்து, வியர்த்து விறுவிறுத்து, இரண்டு விக்கெட் மிச்சத்தில் அவர்கள் ஜெயித்தார்கள்.

கிளம்பும்போது தினேஷ் பட்காவை அவிழ்க்கப் போனான். உள்பக்கமெல்லாம் சந்தனக் கறை. ஹர்ஜித் அவன் கையைப் பிடித்தான். "முடி வளர்ற வரைக்கும் வச்சுக்கோ ப்ரோ."

வழியெல்லாம் மழை. இரவு எட்டு மணிக்குப் பள்ளி வாசலில் தினேஷின் அம்மா குடையோடு நின்றிருந்தார். மகனின் தலையைத் தொட்டுப் பார்த்தார்.

"எவ்ளோ அழகா கட்டியிருக்கு! யாருய்யா கட்டிவிட்டது? டீச்சரா?"

"இல்லம்மா," என்றான் தினேஷ். "என்னை அவுட்டாக்கினவன்."