யானை வரும் இடத்தில் வேலை

என் மகளுக்கு ஆப்பிரிக்காவில் வேலை கிடைக்குமா கிடைக்காதா என்பது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ரங்கூன் போட்டாதாங்கில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், போன் வழி நேர்காணலில் முடிவாகவிருந்தது. மாதா கோவிலுக்குக் கட்டிய சேலையைக்கூட நான் மாற்றவில்லை. மின்சாரம் இல்லை. மகள் முதல் நாளே சார்ஜ் ஏற்றிவைத்த போனைச் சர்க்கரை டப்பா மேல் சாய்த்துவிட்டு, "அம்மா, பரிமாறிக் காட்டச் சொன்னா நீங்கதான் கெஸ்ட். சும்மா உட்கார்ந்தா போதும்" என்றாள். சும்மா உட்காரத் தெரிந்திருந்தால் நான் ஏன் இப்படி இருக்கிறேன்?

வேலை போட்ஸ்வானாவில். அங்கே ஓர் ஆறு கடலுக்கே போகாமல் பாலைவனத்து மணலில் விரிந்து, தீவும் நாணலுமாகிக் காணாமல் போகிறதாம். அந்தத் தண்ணீருக்கு நடுவே கூடாரம் போட்டு, மிருகம் பார்க்க வருகிறவர்களைத் தங்கவைக்கிறார்கள். இவள் வேலை பார்த்த ரங்கூன் ஹோட்டலுக்கு வெளிநாட்டார் வருவது நின்றுபோனதும், அதன் மேலாளர் அங்கே போய்ச் சேர்ந்து, இவளைப் பற்றிச் சொல்லிவைத்திருந்தார். வேலைச் சேதி வந்த அன்று போனில் படம் காட்டினாள். வயிறு நனையத் தண்ணீரில் நிற்கிற யானைகள். இருட்டிவிட்டால் சாப்பாட்டுக் கூடத்துக்குக்கூடத் தனியாக நடக்கக் கூடாதாம், வழியில் நீர்யானை மேயுமாம்.

"நல்லாருக்கு! கட்டிலோரம் யானை வந்து நிக்கிற ஊருக்கு நீ போவே, நான் இங்கே நிம்மதியா தூங்கணும்" என்றேன்.

"யபாடே, அம்மா." ஒன்றும் ஆகாது என்று சொல்ல அவளுக்குப் பர்மியச் சொல்தான் முதலில் வரும்.

அவள் அப்பா இறந்த பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். இந்த வேலை கிடைக்க வேண்டும் என்று ஜெபித்தேன். கிடைக்கக் கூடாது என்றும் ஜெபித்தேன். எதற்குச் செவிகொடுப்பது என்பது ஆண்டவர் பாடு.

போனில் வந்தவர் அந்தக் கூடார முகாமை நடத்துகிறவர், போட்ஸ்வானா நாட்டுப் பெண்மணி, என் வயதிருக்கும். இங்கிலீஷில் கேள்விகள் முடிந்ததும் டீ பரிமாறிக் காட்டச் சொன்னார். இதற்காகத்தான் ஒரு வாரமாக என்னை உட்காரவைத்து ஒத்திகை நடந்திருந்தது. வலது கையில் கோப்பை, இடது கை முதுகுக்குப் பின்னால். ஹோட்டலில் அப்படித்தான் பழக்கியிருந்தார்கள்.

கோப்பையை என்னிடம் நீட்டியபோது அவள் இடது கை தானாக வந்து வலது முழங்கையைத் தொட்டது. பெரியவர்களுக்கு எதைக் கொடுத்தாலும் இந்த ஊரில் அப்படித்தான் கொடுப்போம். சின்னப் பிள்ளையில் அவள் கையைப் பிடித்து நான்தான் பழக்கினேன். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

போச்சு என்று நினைத்தேன். எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்? அவள் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சந்தோஷம் போன இடம் தெரியவில்லை.

அந்தப் பெண்மணி சிரித்தார். தன் மேசையிலிருந்த கோப்பையை எடுத்து, இடது கையால் வலது முழங்கையைத் தொட்டபடி, என்னைப் பார்த்து நீட்டினார்.

"அவங்க ஊர்லயும் பெரியவங்களுக்கு இப்படித்தான் கொடுப்பாங்களாம்" என்று மகள் எனக்குச் சொன்னாள். "கெஸ்டுக்கும் இப்படியே கொடுக்கச் சொல்றாங்க. ஜூன்ல வரணுமாம். அம்மா அனுப்புவாங்களான்னு கேக்குறாங்க."

இரண்டு பேரும் என்னையே பார்த்தார்கள்.

"ஜூன்ல அங்கே குளிருமா, கேளு."

கேட்டுச் சொன்னாள். விடியற்காலையில் கை விறைத்துப்போகுமாம்.

"இவ தூக்கத்துல போர்வையை உதைச்சுத் தள்ளிடுவா. நான்தான் எழுந்து போர்த்திவிடுறேன். அங்கே யாராவது பார்த்துக்கணும்னு சொல்லு."

அவள் அதை மொழிபெயர்க்கவில்லை. மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். அந்தப் பெண்மணி ஒன்றும் புரியாமல் காத்திருந்தார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் நானே பதில் சொன்னேன்.

"யெஸ், மேடம். ஜூன்."