கங்ராஜுலேஷன்ஸ் என்று சொன்னேன்

ஈப்போவில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் ஒரு பயிற்சிப் பள்ளியின் கவுண்டரில் பல வருடங்களாக உட்கார்ந்திருக்கிறேன். ஆட்களைப் பதிவு செய்வது, டெஸ்ட் தேதி வாங்கிக் கொடுப்பது, போன் எடுப்பது எல்லாம் என் வேலை. இங்கே மற்றவர்களைவிட எனக்கு ஆங்கிலம் நன்றாக வரும். அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் இருந்தது.

எங்கள் பள்ளியில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். யாராவது டெஸ்டில் தேறினால் பதிவேட்டில் ‘பாஸ்ட்’ என்று ஆங்கிலத்தில் எழுதுவார். தேறியதற்கு ஒரு ஸ்பெல்லிங், கடந்துபோன காலத்துக்கு வேறு ஸ்பெல்லிங். சத்தம் மட்டும் ஒன்று. அவர் எப்போதும் இரண்டாவதைத்தான் எழுதுவார். நான் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு, கவுண்டரில் ஆட்கள் நிற்கும்போதே அவரிடம் நீட்டுவேன்.

“அண்ணே, இந்தப் பிள்ள பாஸாயிட்டாளா, இல்ல முடிஞ்சுபோன காலமாயிட்டாளா?”

“ரெண்டும் ஒரே சத்தந்தானேலா” என்று அவர் சிரிப்பார். சுற்றி நிற்பவர்களும் சிரிப்பார்கள். எனக்கு அது வேண்டியிருந்தது.

போன வருடம் அவரிடம் ஓர் அக்கா கற்றுக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். சுங்காய் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்து, கல்யாணமாகி இங்கே ஈப்போவில் சிலிபினுக்கு வந்தவர். கணவருக்கு இனிப்புநீர் நோயால் கண் பார்வை மங்கி வந்ததால், தான் ஓட்டப் பழகியே ஆகவேண்டும் என்று வந்திருந்தார். பார்க்கிங்கில் இரண்டு தடவை பெயில். இரண்டாவது தடவை கவுண்டருக்கு வந்து, “அந்தக் கம்பம் நகந்து வந்து இடிக்குது தங்கச்சி, நான் என்ன செய்ய?” என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போனார்.

மூன்றாவது டெஸ்டுக்குத் தேதி கிடைத்தது. அந்த அக்காவின் போனை யாரும் எடுக்கவில்லை. படிவத்தில் இருந்த கணவரின் எண்ணைக் கூப்பிட்டேன்.

“சொல்லுங்கம்மா” என்று அவர் தமிழில்தான் ஆரம்பித்தார். என் காதில் நன்றாகவே விழுந்தது. ஆனாலும் நான், “குட் மார்னிங் சார்” என்று தொடங்கி, டெஸ்ட் விவரம் முழுவதையும் ஆங்கிலத்திலேயே சொன்னேன். அவர் சற்றுத் தயங்கினார். பிறகு அவரும் ஆங்கிலத்துக்கு மாறினார்.

“நோ நீட், மிஸ். மை வைஃப் பாஸ் ஆல்ரெடி. லாஸ்ட் வீக்.”

வேறு பள்ளிக்குப் போய் லைசன் வாங்கிவிட்டார் என்று நினைத்தேன். அப்படிப் போகிறவர்கள் உண்டு. உள்ளே எரிச்சல். அதனால் குரல் இறங்கித்தான் வந்தது. “ஓ... கங்ராஜுலேஷன்ஸ், சார்.”

“தேங்க் யூ, மிஸ்” என்று சொல்லி வைத்துவிட்டார்.

அதோடு விட்டிருக்கலாம். நான் அந்த அக்காவின் எண்ணுக்கு வாட்ஸ்அப்பில், “கங்ராஜுலேஷன்ஸ் அக்கா, எங்கள மறந்துட்டீங்களே!” என்று எழுதி, கைதட்டும் படங்கள் நாலைந்தும் ஒரு பூங்கொத்தும் சேர்த்து அனுப்பினேன். உடனே இரண்டு நீலக் கோடுகள் விழுந்தன. பதில் இல்லை.

மத்தியானம் நடந்ததை அண்ணனிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. “எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லாம அவங்க போகமாட்டாங்கலா” என்று அங்கேயே நின்று அந்தக் கணவரைக் கூப்பிட்டார். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. போனைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

“தங்கச்சி, அவங்க பாஸாகல. தவறிட்டாங்க. டெங்கி.”

அனுப்பிய செய்தியை அவசரமாக அழித்தேன். செய்தி அழிக்கப்பட்டது என்ற வரி அங்கேயே நின்றது.

வீட்டுக்குப் போனதும் அகராதியை எடுத்தேன். எதற்கு என்று சொல்லவே கூசுகிறது. அந்த மனிதரின் ஆங்கிலம் தப்பு, என் மேல் தப்பில்லை என்று எங்காவது போட்டிருக்காதா என்று தேடினேன். ‘பாஸ்’ என்ற சொல்லுக்கு ஏகப்பட்ட அர்த்தங்கள். கீழே ஓரிடத்தில் ‘இறந்துபோதல்’ என்றும் இருந்தது. அவர் சொன்னது சரிதான்.

ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் அண்ணன் என்னைச் சிலிபினுக்குக் கூட்டிப்போனார். வாசலில் இறக்கிவிட்டு, காரை நிறுத்த இடம் தேடிப் போனார். உள்ளே அந்தக் கணவரும் வேலைக்குப் போகிற மகளும் இருந்தார்கள். மாலை போட்ட படத்தில் அக்கா கவுண்டரில் சிரித்த மாதிரியே சிரித்துக்கொண்டிருந்தார்.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவர் பேசத் தொடங்கிவிட்டார்.

“அன்னைக்கு போன்ல பேசினது நீங்கதானேம்மா? எனக்கு இங்கிலீஸ் அவ்வளவா வராது. தப்பா ஏதும் பேசியிருந்தா மனசுல வச்சுக்காதீங்க.”

“ஐயோ, இல்லண்ணே...”

“நீங்க அந்த வார்த்த சொன்னீங்கல்ல, அதையேதான் எங்க ஃபேக்டரி மேனேஜரும் கையப் பிடிச்சிச் சொன்னாரு. கண்... கண்டோலேசன். முன்னப்பின்ன தெரியாத நீங்களும் சொன்னீங்களேன்னு மனசுக்கு ஆறுதலா இருந்துச்சும்மா.”

என் வாழ்த்து அவர் காதில் இரங்கலாக விழுந்திருக்கிறது. நான் தலையாட்டினேன். அதை மட்டும்தான் செய்தேன். வேறு எதுவும் சொல்லவில்லை. பின்னால் சமையலறை வாசலில் நின்ற மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் வந்து அவரோடு கொஞ்ச நேரம் பேசினார். கொடுத்த தேநீரைக் குடித்தோம்.

கிளம்பும்போது அந்தப் பெண் கேட் வரை வந்தாள். அண்ணன் கார் எடுக்க முன்னால் போயிருந்தார்.

“மெசேஜ் நாந்தான் பார்த்தேன், ஆண்ட்டி. அப்பாகிட்ட காட்டல.”

“மன்னிச்சிரும்மா. நான் வேற மாதிரி நெனச்சி...”

“தெரியும். அவர்கிட்ட மட்டும் சொல்லிறாதீங்க. அவரு வர்றவங்க எல்லார்கிட்டயும் நீங்க சொன்னத சொல்லிக்கிட்டு இருக்காரு.”

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

காரில் ஏறியதும் அண்ணன் கேட்டார். “நான் வர்றதுக்கு முன்னுக்கே மன்னிப்புக் கேட்டுட்டியா?”

“கேட்டுட்டேண்ணே.”

“நல்லது” என்று சொல்லி அவர் வண்டியைக் கிளப்பினார்.

அண்ணனிடம் இன்றுவரை நான் உண்மையைச் சொல்லவில்லை.