பாதி இளநீரை வைத்துவிட்டுப் போகிறவள்

அந்த நாவலில் எனக்குப் பிடிக்காதவைதான் நிறைய. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், வயிற்றெரிச்சலாவது அடங்கும். கதாநாயகி கல்லூரியில் படிக்கிறாள். இதய நோய். முந்நூறு பக்கத்தில் ஒரு தடவைகூட அவள் மேல் மருந்து வாடை அடிக்கவில்லை. பஸ்ஸுக்கு நிற்கவில்லை. அவளுடைய அம்மா இரண்டு அத்தியாயத்துக்கு ஒரு முறை வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு போவதோடு சரி. சாப்பிட்டாளா, தூங்கினாளா, யாருக்குத் தெரியும்? காதலிக்கிற பையன் அவளுக்காக உயிரையே தருவேன் என்று மூன்று இடத்தில் சொல்கிறான். எழுதியவர் எந்த ஆஸ்பத்திரி வராந்தாவிலும் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருக்க மாட்டார் என்று அடித்துச் சொல்வேன்.

என் தங்கைக்கு வேறு புகார். அவளுக்குப் பத்தொன்பது வயது, சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. வாரத்துக்கு இரண்டு நாள் பழவேற்காட்டிலிருந்து பஸ், அப்புறம் ரயில், சென்னையில் பெரிய ஆஸ்பத்திரி. நான்கு மணி நேரம் மெஷினில் ரத்தம் சுத்தமாக வேண்டும். பக்கத்துப் படுக்கைப் பெண் படித்து முடித்துக் கொடுத்த புத்தகம் அது. ஊசி ஏறிய கையை அசைக்கக் கூடாது என்பதால் நான்தான் படித்துக் காட்டுவேன். ஒரு நாளைக்கு அவளுக்கு மூன்று டம்ளர் தண்ணீர்தான், கஞ்சியும் டீயும் அதற்குள்ளேயே அடக்கம். அதனால் கதையில் யார் என்ன குடிக்கிறார்கள் என்பதிலேயே குறியாக இருந்தாள்.

“இன்னாக்கா இது, இளநியைப் பாதியில வெச்சிட்டுப் போறா? லூசா அவ?”

“அந்தப் பையன் கூப்ட்டான்னு போறாடி.”

“குடிச்சிட்டுப் போனா இன்னாவாம்? அவன் இன்னா ஓடியா பூடுவான்?”

இரண்டு பேரும் சிரித்ததில் நர்ஸ் வந்து அதட்டினார்.

பிடித்த இடம் ஒன்றும் இருந்தது. அதைச் சொல்லத்தான் கூசுகிறது. பையன் யாருக்கும் தெரியாமல் அவளை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிக்கொண்டு போய் நாள் முழுக்க மழையில் சுற்றுகிறான். அன்று ஒரு நாள் அவள் நோயாளி இல்லை. சாயங்காலம் திரும்பி வருகிறாள், ஒரு தும்மல்கூட இல்லை. அந்த அத்தியாயத்தைத் தங்கைக்கு இரண்டு முறை படித்தேன். இரண்டாவது முறை அவள் கேட்காமலேயே.

சித்திரை வெயிலில் அவளுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஐஸ் கட்டியைச் சப்பினாள், எலுமிச்சைத் துண்டை நக்கினாள், ஒன்றும் தீரவில்லை. “அக்கா, ஏரியில எறக்கி வுடேன்” என்றாள். எங்கள் வீட்டில் எல்லாரும் கையால் இறால் பிடிக்கிறவர்கள். பறி என்கிற ஓலைக்கூடையின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, தண்ணீரில் குனிந்து சேற்றைத் துழாவியபடியே போவோம். எத்தனை மணி நேரமானாலும் தாகம் தெரியாது, உடம்பே குடித்துக்கொள்ளும் என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள். நானும் அதை நம்பினேன். நம்பியதைவிட, அந்தப் பையனைப் போல ஒரு நாள் இருந்து பார்க்க ஆசைப்பட்டேன். அதுதான் உண்மை.

அம்மா இறால் விற்கப் போயிருந்த காலையில் கூட்டிப் போனேன். அவளுடைய இடது கையில் ரத்தக்குழாய்களை இணைத்து ஆபரேஷன் செய்திருந்தார்கள். மெஷினின் ஊசி போகிற இடம் அது. தோலுக்கடியில் சதா விர்ரென்று துடிக்கும். அந்தக் கையில் கீறல்கூடப் படக் கூடாது. “கையைத் தலை மேலே வெச்சிக்கோ, எடுக்கவே கூடாது” என்று சொல்லித்தான் இறக்கினேன். அவளும் வைத்துக்கொண்டாள். மார்பளவுத் தண்ணீரில் அரை மணி நேரம் நின்றாள். “தாகமே இல்லக்கா” என்றாள். நோய் வருவதற்கு முன்பிருந்த முகம் அப்படியே திரும்பியிருந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அப்போது அவள் காலடியில் ஏதோ நழுவியது. ஆறு வயதிலிருந்து ஏரியில் பழகிய கை. காலில் பட்டால் இரண்டு கையும் சேர்ந்துதான் பாய்ந்து அமுக்கும், மூளையைக் கேட்காது. இடது கையும் போய்விட்டது. இறால் இல்லை, கெளுத்தி மீன். அதன் முள் மணிக்கட்டுக்கு மேலே ஏறிவிட்டது.

மூன்றாம் நாள் கை வீங்கிச் சீழ் வைத்தது. காதை வைத்துக் கேட்டேன். அந்த விர்ரென்ற சத்தம் நின்றிருந்தது.

டாக்டர் விசாரித்தபோது, “நானாத்தான் போனேன் சார், அக்கா வூட்லயே இல்ல” என்று தங்கை முந்திக்கொண்டாள். அம்மா அவளை வாய்க்கு வந்தபடி திட்டினாள். கதையில் அந்தப் பையன் செய்த தப்புக்கெல்லாம் ஒரே பக்கத்தில் மன்னிப்புக் கேட்டு முடித்துவிடுவான். எனக்கு வாயே திறக்கவில்லை. அவ்வளவு பயம், அவ்வளவு கேவலம்.

இடது கை இனி உதவாது என்று, இப்போது மெஷினுக்காகக் கழுத்தில் குழாய் போட்டிருக்கிறார்கள். வலது கையில் ஆபரேஷன் செய்து, அது ஊசிக்குத் தயாராக மாதக்கணக்காகும். அதுவரை காய்ச்சல் வராமல் கழுத்துக் குழாய் தாங்க வேண்டும் என்றார்கள். நேற்று குளிர் காய்ச்சல் வந்துவிட்டது. இன்று மதியம் வராந்தாவில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, எப்படியோ சொல்லிவிட்டேன்.

“நான்தாம்மா ஏரிக்குக் கூட்டினு போனேன். அவ பொய் சொன்னா.”

அம்மா திரும்பக்கூட இல்லை. “தெரியும்டி. ரெண்டு பேர் துணியிலயும் சேறு. அலசினது நான்தானே?”

“அப்பவே கேக்கறதுதானே? என்னைப் போட்டு அடிக்கறதுதானே?”

“உன்னையும் அடிச்சித் தொரத்திட்டு, அப்புறம் நான் யாரோட இருப்பேன்?”

தங்கை போய்விடுவாள் என்று அம்மா முடிவு கட்டியிருந்தது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. உள்ளே, பத்தடி தூரத்தில், அவள் உயிரோடுதான் இருந்தாள்.