இரண்டாவது பூச்சுக்கு முன்னால்

முதல் பூச்சு காய்ந்துவிட்டதா என்று புறங்கையால் சுவரைத் தொட்டுப் பார்க்கிறார் பெயின்டர். காய்ந்துவிட்டது. உடனே காதில் செருகியிருந்த பென்சில் கைக்கு வருகிறது. சட்டைப் பையிலிருந்து நான்காய் மடித்த காகிதம் ஒன்றும் வருகிறது. மகளின் கணக்கு நோட்டைக் காலையில் அவசர அவசரமாகப் பார்த்து எழுதியது. அடுத்த அரை மணி நேரம், யாரோ ஒருவருடைய படுக்கையறைச் சுவரில் வகையீடும் தொகையீடும் ஆளுயரத்துக்கு இறங்கி வருகின்றன. விடை வந்ததும் அடியில் இரண்டு கோடு போடுவார். ஓரடி பின்னால் நகர்ந்து, தலையைச் சாய்த்து அழகு பார்ப்பார். பிறகு உருளையைத் தோய்த்து எடுத்து, இரண்டாவது பூச்சில் அத்தனையையும் மூடிவிடுவார்.

இப்படி ஒன்றரை வருடமாக நடக்கிறது. எத்தனை குடும்பங்கள் உயர்கணிதத்தின் பக்கத்தில் தலைவைத்துத் தூங்குகின்றன என்பது அந்தக் குடும்பங்களுக்கே தெரியாது. உட்கூரைக்கு வெள்ளையடிக்கும் கூட்டாளிக்கு மட்டும் தெரியும். ஏணி மேலிருந்தே அவர், "என்ன புரொபசர், விடை வந்துச்சா? நான் இறங்கலாமா?" என்று கேட்பார்.

வினை ஒரு வாடிக்கையாளர் வீட்டு வரவேற்பறையில்தான் ஆரம்பித்தது. பள்ளியில் சாதா வகுப்பு ஒன்று, அட்வான்ஸ்டு வகுப்பு ஒன்று என இரண்டு உண்டு. இரண்டாவதில் சேர்ந்தால் கல்லூரியில் படிக்க வேண்டியதை இப்போதே படித்துத் தொலைக்கலாம் என்று அந்த வீட்டு அம்மாள் விளக்கினார். தன் மகன் மூன்று பாடம் அப்படிப் படிக்கிறான் என்றும் சொல்லிவைத்தார். பெயின்டருக்கு அன்று பிரஷ் கையில் நிற்கவில்லை. வீட்டுக்கு வந்த சூட்டோடு மகளை ஐந்து அட்வான்ஸ்டு பாடங்களுக்குப் பெயர் கொடுக்கவைத்துவிட்டார். அன்றிலிருந்து புது வாடிக்கையாளர்களிடம் "எமல்ஷனா, டிஸ்டெம்பரா?" என்று கேட்கும் அதே குரலில், "உங்க பசங்க அட்வான்ஸ்டா, சாதாவா?" என்றும் கேட்கிறார். சாதா என்று பதில் வந்தால் அந்த வீட்டுச் சுவருக்குக் கூடுதல் பரிவோடு பட்டி பார்க்கிறார்.

மகள் கெட்டிக்காரி. ஆனால் ஐந்து பாடம் ஐந்து பாடம்தானே. கணக்கு புரியவில்லை என்று ஒரு நாள் முனகினாள். கவனித்தால் புரியும் என்றார் இவர். "நீங்க ஒரு நாள் உக்காந்து போட்டுப் பாருங்கப்பா, அப்பத் தெரியும்" என்றாள் அவள். வாய்ப்பேச்சுக்குச் சொன்னதை மனுஷன் நிஜமாகவே எடுத்துக்கொண்டார். பத்தாம் வகுப்போடு விட்ட கணக்கைத் தூசி தட்டி, தத்தித் தத்தி ஏறி, ஒரு மழைக்காலம் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டு, ஒரு நாள் காலை பதினொரு மணிக்கு யாரோ ஒருவர் வீட்டுக் குளியலறையில் முதல் தொகையீட்டைப் போட்டு முடித்தார். அன்று அவர் போட்ட கூச்சலில், வழுக்கித்தான் விழுந்துவிட்டார் என்று கூட்டாளி ஓடி வந்தார்.

இந்த ஆனந்தத்தில் ஒன்றைக் கவனிக்கத் தவறிவிட்டார். மகள் கையில் கரண்டியோடு சாப்பாட்டு மேசையிலேயே தூங்க ஆரம்பித்திருந்தாள். குழம்புக் கிண்ணத்தை அவள் முகத்துக்குக் கீழேயிருந்து நகர்த்திவைப்பது அவள் அம்மாவுக்குத் தினசரி வேலையாகிவிட்டது.

போன திங்கட்கிழமை மகள் ஒரு படிவத்தை நீட்டினாள். அட்வான்ஸ்டு கணக்கிலிருந்து விலகிச் சாதா கணக்குக்கு மாறுவதற்கான படிவம். பெற்றோர் கையெழுத்து வேண்டும், வெள்ளிக்கிழமை கடைசி நாள். அந்த நேரத்தில் என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டார். பாட்டு, ஆட்டம் என்று ஏதாவது சொன்னால் மடக்க ஒரு பதிலைத் தயாராக வைத்திருந்தார். அவளோ, "தூங்கப்போறேன்ப்பா" என்றாள். கையெல்லாம் பெயின்ட், அப்புறம் போடுகிறேன் என்று வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். செவ்வாயும் கையில் பெயின்ட்தான். புதனும் பெயின்ட்தான். பெயின்டர் கையில் பெயின்ட் இல்லாத நாள் எது?

அந்தச் செவ்வாய்க்கிழமைதான் அவர் பல் டாக்டரின் காத்திருப்பு அறைக்கு வேலைக்குப் போனார். பையில் படிவம், மனசில் குடைச்சல். காதைத் தடவினால் பென்சில் இல்லை. பைக்குள் மகளுடைய சிவப்பு மார்க்கர் கிடந்தது. அதை எடுத்துச் சுவரில் எழுதிவிட்டார். மார்க்கர் மை எத்தனை பூச்சு அடித்தாலும் மேலே கசிந்து வரும் என்பது நேற்று வேலைக்குச் சேர்ந்தவனுக்கும் தெரியும். இருபது வருட அனுபவம் அன்று அவருக்குக் கைகொடுக்கவில்லை.

வியாழன் மத்தியானம் டாக்டர் போன் செய்தார். சுவரில் ரோஸ் நிறத்தில் கணக்கு தெரிகிறதாம். கோபிக்கலாம் என்றுதான் இருந்தாராம். ஆனால் பல்வலியோடு வந்த இரண்டு பேர் வலியை மறந்துவிட்டு மூன்றாவது வரியைப் பற்றி வாக்குவாதம் செய்கிறார்களாம். உள்ளே கூப்பிட்டால் வர மாட்டேன் என்கிறார்களாம்.

பெயின்டர் கூட்டாளியையும் இழுத்துக்கொண்டு விழுந்தடித்துப் போனார். கறை அடைக்கும் பிரைமர் தீர்ந்திருந்தது. பள்ளி விட்டு வரும் வழியில் ஒரு டப்பா வாங்கி அங்கே கொண்டுவரும்படி மகளிடம் போனில் சொன்னார். வந்தவள் டப்பாவைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தாள். தன் வீட்டுப்பாடம், அப்பாவின் கையெழுத்தில், ஆளுயரத்துக்கு. சுவரில் எழுதும் கதையே அவளுக்கு அன்றுதான் தெரியும். முதலில் உதடு துடித்தது. அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, நாற்காலியில் சரிந்து சிரித்தாள். கன்னம் வீங்கியிருந்த நோயாளிகளும் வலிக்க வலிக்கச் சிரித்தார்கள். அவள் அப்படிச் சிரித்து எத்தனை மாதமாயிற்று என்று பெயின்டர் எண்ணிப்பார்த்தார்.

"மூணாவது வரி தப்புப்பா" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "மைனஸை விட்டுட்டீங்க."

பெயின்டர் கிட்டப் போய்ப் பார்த்தார். விட்டுத்தான் இருந்தார்.

"இதெல்லாம் எனக்காகவா போடுறீங்க?"

"முதல்ல உனக்காகத்தான்மா." உருளையின் கைப்பிடியைத் திருகிக்கொண்டே நின்றார். "இப்ப எனக்கே பிடிச்சுப்போச்சு. நீ விலகிட்டா, நோட்டு யாரு தருவா?"

விஷயம் அதுதானா என்பது போல மகள் அவரை ஒரு கணம் பார்த்தாள். பிறகு பையைத் திறந்து, தலையணை கனத்துக்கு இருந்த அட்வான்ஸ்டு கணக்குப் புத்தகத்தை எடுத்து ஏணிப் படியில் வைத்தாள். பள்ளி நூலகத்தில் இன்னொன்று இருக்கிறதாம். இதை வருடக் கடைசிவரை யாரும் திருப்பிக் கேட்க மாட்டார்களாம். "நீங்க படிங்கப்பா. நான் தூங்குறேன்."

கையில் பெயின்ட் என்று அவர் ஆரம்பித்தார். அவள் ஒரு பழந்துணியை எடுத்து, அவருடைய வலது கையை விரல் விரலாகத் துடைத்துவிட்டாள். இனிச் சாக்குச் சொல்ல இடமில்லை. மூன்று நாள் வியர்வையில் நைந்துபோயிருந்த படிவத்தை எடுத்து, புத்தகத்தின் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். அவள் அதை வாங்கி இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டு, நாற்காலியில் தலையைச் சாய்த்து அங்கேயே கண்ணை மூடிக்கொண்டாள்.

பெயின்டர் சத்தமில்லாமல் பிரைமர் டப்பாவைத் திறந்தார். உருளையைத் தோய்த்துச் சுவர்வரை கொண்டுபோனவர், அதை மறுபடி தொட்டியிலேயே வைத்தார். கூட்டாளியின் காதிலிருந்து பென்சிலை உருவி, மூன்றாவது வரியில் ஒரு மைனஸ் போட்டார். அதற்குப் பிறகுதான் அடிக்க ஆரம்பித்தார்.