கஞ்சி இறங்குது, இட்லி நிக்குது

மூன்றாவது தடவையும் கடவுச்சொல் தப்பு என்று திரையில் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நான்காவது தடவையும் தட்டினேன். என் அலுவலகக் கணக்கே பூட்டிக்கொண்டது. அப்போது மணி காலை ஒன்பதரை. எனக்குக் கொடுத்திருந்த கெடு மாலை நாலு மணி.

கெடு வைத்தவர் என் மேனேஜர். நான் சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். என் மனைவி மதுரைப் பக்கம் அரசாங்க நர்ஸ். கல்யாணமாகி மூன்று வருஷத்தில் நாங்கள் சேர்ந்து இருந்ததெல்லாம் சனி, ஞாயிறுதான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மதுரை மாட்டுத்தாவணி பஸ் நிலையத்தில் அவள் கையாட்டுவாள், நான் சன்னல் பக்கம் திரும்பாமல் உட்கார்ந்திருப்பேன். திரும்பினால் இறங்கிவிடுவேன் என்று எனக்குப் பயம். அவளுக்குச் சொந்த ஊரான எழுமலைப் பக்கமே மாற்றல் கிடைத்ததும், இனிமேல் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன் என்று மேனேஜரிடம் கேட்டேன். அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்.

"வெள்ளிக்கிழமை ஒரு நாள் அங்கிருந்து செஞ்சு காட்டுங்க. இந்த வாரத்து வேலை நாலு மணிக்குள்ள நம்ம சர்வருக்கு வந்துட்டா அங்கேயே இருங்க. வரலைன்னா திங்கட்கிழமை ஆபீஸ்."

சரி என்று எகத்தாளமாகச் சிரித்துவிட்டு வந்தேன். நாகமலை புதுக்கோட்டையில் அறை எடுத்துத் தங்கிப் படித்த காலத்திலிருந்தே நான் விண்டோஸ் பக்கம் போகாத லினக்ஸ்காரன். என் மடிக்கணினியில் வேறு எதையும் ஏற்றியதில்லை. அலுவலகக் கணினிகளுக்குள் வெளியிலிருந்து போவதற்கு வி.பி.என். என்றொரு தனிப்பாதை உண்டு. அந்தப் பாதையைத் திறப்பதெல்லாம் எனக்கு ஒரு வேலையா என்ற நினைப்பு. அந்த நினைப்பைத்தான் ஒன்பதரை மணிக்குக் கணினி நாலு தட்டில் இறக்கி வைத்தது.

கோபம் வந்தால் எனக்கு யார்மேலாவது காட்டியாக வேண்டும். அன்றைக்கு அகப்பட்டவர் கேபிள்காரர். ஊருக்கு டி.வி.யும் இன்டர்நெட்டும் கொடுக்கிற அவர் என் மனைவிக்கு அண்ணன் முறை, எனக்கு மச்சான். போனில் கத்தினேன். அவர் பத்தே நிமிஷத்தில் ஏணியோடு வந்து நின்றார். சுவரில் மாட்டியிருந்த சின்னப் பெட்டியைப் பார்த்தார்.

"பச்சை லைட்டு எரியுதுல்ல மாப்ள? பக்கத்து வீட்டுல படம் ஓடுது. நம்ம லைன்ல ஒண்ணும் இல்ல."

"அப்ப என் லேப்டாப்பு பொய் சொல்லுதா மச்சான்?"

"அது என்னமோ, வாங்கினவுகதான் சொல்லணும்" என்று ஏணியைத் தூக்கிக்கொண்டு போனார்.

அவர் போன பிறகுதான் செய்ய வேண்டியதைச் செய்தேன். கணினி தான் செய்கிற எல்லாவற்றையும் ஒரு குறிப்பில் எழுதி வைக்கும். அதைத் திறந்து வரிவரியாகப் படித்தேன். முந்தின நாள் சென்னையில் கடவுச்சொல்லை மாற்றியது நானே. ஆனால் பழைய சொல்லை என் கணினி எப்போதோ ஞாபகத்தில் சேமித்து வைத்திருந்தது. நான் இங்கே புதுச்சொல்லைத் தட்டத் தட்ட, அது விசுவாசமாகப் பழையதையே அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது. மச்சானை நினைத்து வெட்கமாக இருந்தது. சேமித்ததை அழித்தேன். பூட்டிய கணக்கைத் திறந்துவிடச் சொல்லி அலுவலக உதவி மையத்துக்குப் போன் போட்டு, அவர்கள் கேட்ட கேள்விக்கெல்லாம் நல்ல பிள்ளையாகப் பதில் சொன்னேன். பன்னிரண்டு மணிக்குப் பாதை திறந்தது. திரையில் 'இணைக்கப்பட்டது' என்று வந்ததைப் பார்த்து நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினேன்.

அந்தச் சந்தோஷம் ஐந்து நிமிஷம்கூட நிலைக்கவில்லை. பாதை திறந்திருக்கிறது, ஆனால் அலுவலகத்தின் எந்த இணையப் பக்கமும் வரவில்லை. என் கோப்பை அனுப்பினால் பூஜ்ஜியத்திலேயே நிற்கிறது. துண்டித்து இணைத்தேன். கணினியை அணைத்துப் போட்டேன். சர்வரின் முகவரியைக் கணினி தேடும் வழியை மாற்றினேன். இணையத்தில் இதே சிக்கலுக்கு முன்பின் தெரியாதவர்கள் எழுதி வைத்திருந்த வைத்தியத்தையெல்லாம் ஒன்று விடாமல் செய்து பார்த்தேன். ஒன்றரை ஆகிவிட்டது. திங்கட்கிழமை கண் முன்னால் வந்து நின்றது.

அப்போது ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து மனைவி கூப்பிட்டாள்.

"ஏங்க, சாப்பிட்டீங்களா?"

"சோறா இப்ப முக்கியம்? கனெக்ட் ஆகுது, ஒண்ணும் வர மாட்டேங்குது."

"ஒண்ணுமே வரலையா, சிலது வருதா?"

"ஒண்ணுமே வரலன்னு சொல்றேன்ல!"

அவள் குரலை உயர்த்தவில்லை. நோயாளியிடம் பேசுகிற அதே குரலில் சொன்னாள். "கத்தாதீங்க. காலைல இங்க ஒரு பெரியவர் இப்படித்தான் வந்தாரு, ஒண்ணுமே இறங்கலன்னு. ஒவ்வொண்ணாக் கேட்டேன். தண்ணி இறங்குது, கஞ்சி இறங்குது, இட்லிதான் நிக்குது. அப்ப உணவுக் குழாய் அடைபடல, சுருங்கியிருக்குன்னு அர்த்தம். டாக்டர் பெரியாஸ்பத்திரிக்கு எழுதிக் குடுத்தாரு. நீங்களும் எது வருது, எது நிக்குதுன்னு பாருங்க. நான் வைக்கிறேன், ஆளு நிக்குது."

போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். எது வருகிறது? அலுவலக அரட்டைப் பெட்டியில் ஒரு வரிச் செய்திகள் பாதை திறந்ததிலிருந்து வந்துகொண்டுதான் இருந்தன. 'இருக்கியா?' என்று தட்டிக் கேட்டால் சர்வர் 'இருக்கேன்' என்று பதில் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. நின்றதெல்லாம் பெரியவை. பக்கம் பெரிது, கோப்பு பெரிது. ஐயோ, இட்லி! எழுந்து குதித்தேன். வீட்டில் யாருமில்லை என்பதால் சத்தமாகவே குதித்தேன்.

கணினி எதையும் முழுசாக அனுப்பாது. பொட்டலம் பொட்டலமாகக் கட்டித்தான் அனுப்பும். ஒரு பொட்டலம் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்று ஒரு எண் குறித்து வைத்திருக்கும். என் கணினி சென்னையில் கட்டிய வழக்கப்படியே பெரிய பொட்டலமாகக் கட்டுகிறது. வி.பி.என். அதற்குமேல் இன்னொரு உறை போடுகிறது. வழியில் எங்கேயோ அதற்கு இடம் போதவில்லை. அப்படியானால் எம்புட்டுப் பெரிசு வரைக்கும் போகும் என்று அளந்துவிடலாம்!

அளக்க உட்கார்ந்த நேரம் மச்சான் மறுபடியும் வந்து நின்றார். காலையில் நான் கத்தியது மனசுக்குக் கஷ்டமாக இருந்ததாம். நான் மன்னிப்புக் கேட்டு, நாற்காலி போட்டு, விஷயத்தைச் சொன்னேன். கறுப்புத் திரையில் ஒரே ஒரு கட்டளை. பொட்டலத்தைப் பிரிக்காமல் இந்த அளவில் அனுப்பு, பதில் வருகிறதா பார்.

ஆயிரத்து நானூறு. பதில் இல்லை. ஆயிரம். டக்கென்று பதில் வந்தது.

"வந்துருச்சுல்ல?" மச்சான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

ஆயிரத்து இருநூறு. வந்தது. ஆயிரத்து முந்நூறு. வந்தது.

"இன்னும் அம்பது கூட்டு மாப்ள!"

ஆயிரத்து முந்நூற்று ஐம்பது. திரை சும்மா இருந்தது. பதில் வரவே இல்லை.

"முப்பதைக் குறை!"

ஆயிரத்து முந்நூற்று இருபது. வந்தது! மச்சான் என் தொடையில் ஓங்கி ஒரு அடி வைத்தார். மாட்டுச் சந்தையில் விலை படிந்தால்கூட அவர் அப்படி அடித்திருக்க மாட்டார். எதற்கும் கொஞ்சம் இடம் இருக்கட்டும் என்று ஆயிரத்து முந்நூறில் நிறுத்தி, பொட்டலத்தின் அளவு இதற்குமேல் போகக் கூடாது என்று வி.பி.என். பாதைக்கு ஒரே வரியில் உத்தரவு போட்டேன்.

அலுவலகப் பக்கம் படாரென்று விரிந்தது. படம், பட்டியல், எல்லாம். கோப்பை அனுப்பினேன். பத்து, நாற்பது, எழுபது என்று ஏறி முழுசாகப் போய்ச் சேர்ந்தது. மணி இரண்டு ஐம்பது. மச்சான் விசில் அடித்தார். நாங்கள் இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டோம், காலையில் சண்டை போட்டவர்கள்.

"அந்த நம்பரைச் சொல்லு மாப்ள, எழுதிக்கிறேன். கீழத்தெருவுல ரெண்டு பேரு இதே மாதிரி ஆபீஸ் திறக்கலன்னு ஒரு மாசமா என் உசுர வாங்குறாக."

நாலு மணிக்கு மேனேஜர் வீடியோவில் வந்தார். கோப்பைத் திறந்து பார்த்தார். எதையோ தட்டினார்.

"வந்திருக்கு. சரி, அங்கேயே இருங்க" என்றார். அவ்வளவுதான் பேச்சு. அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே கைலி. அதை மாற்ற வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. அப்படியே தெருவில் இறங்கி ஓடினேன். டீக்கடையில் இருந்தவர்கள் யாருக்கு என்ன ஆச்சு என்று எழுந்து நின்றார்கள். அவள் பணி முடிந்து சுகாதார நிலைய வாசலில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்கியதில் எனக்குப் பேச்சு வரவில்லை. இங்கேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள் என்று எப்படியோ சொல்லி முடித்தேன்.

அவள் சிரிக்கவில்லை. ஸ்கூட்டரை மறுபடியும் ஸ்டாண்டு போட்டு நிறுத்தினாள். கைப்பையிலிருந்து போனை எடுத்து என்னிடம் காட்டினாள். ஞாயிற்றுக்கிழமை மாட்டுத்தாவணியிலிருந்து சென்னைக்கு ஒரு பஸ் சீட்டு, என் பெயரில்.

"காலைல டூட்டிக்கு வந்ததுமே போட்டுட்டேங்க. கடைசி நேரத்துல உங்களுக்குச் சன்னல் சீட்டு கிடைக்காதுல்ல."

வீட்டில் நான் ஒருவன்தான் போராடிக்கொண்டிருந்ததாக நினைத்திருந்தேன். அவளோ அத்தனை நோயாளிகளையும் கவனித்துக்கொண்டு, என் கத்தலையும் பொறுத்துக்கொண்டு, தோற்றுப்போனால் நான் எந்தச் சீட்டில் உட்கார்ந்து போவேன் என்பது வரை யோசித்து வைத்திருக்கிறாள். காலையிலிருந்து அதை யாரிடமும் சொல்லவில்லை.

"கேன்சல் பண்ணு" என்றேன்.

"நீங்களே பண்ணுங்க. எனக்குக் கை நடுங்குது."

பச்சைக் குழந்தைகளுக்குத் தினமும் ஊசி போடுகிற கை அது. போனை வாங்கி நானே அமுக்கினேன்.