நூலுக்கடியில் இருந்த எழுத்து

தொண்டாமுத்தூருக்குப் பக்கத்தில், ஒரே களத்தைப் பார்த்தபடி இரண்டு வீடுகள். மேற்கு வீடு மூத்தவன் பெண்டாட்டி கருப்பாத்தாளுடையது. கிழக்கு வீடு இளையவன் மருதாசலத்தின் பெண்டாட்டி கனகத்துடையது. அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்ட அந்த ஓரகத்திகள் இரண்டு பேரும் பதினாலு வருஷமாக ஒருத்தி வீட்டுத் தண்ணீரை இன்னொருத்தி குடித்ததில்லை.

அன்றைக்குக் கனகம் களத்தில் கொப்பரை காயப்போட்டுக்கொண்டிருந்தாள். மகள் லோகப்பிரியா போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

"அம்மா, இதக் கேளு. 'ஆனைமலை ஆத்து மணல்ல ஒரு தங்க மோதிரம் கெடச்சிருக்குது. தொலச்சவங்க அடையாளம் சொல்லி வாங்கிக்கலாம்.' டவுன்ல கணபதிங்கற எடத்துல மோட்டாருக்குக் காயில் கட்டறவராமா, சென்னகிருஷ்ணன்னு பேரு. மண்ணுக்குள்ள கெடக்கற நகையக் காட்டிக் குடுக்கற மெஷின அவரே செஞ்சு வெச்சிருக்காராமா."

கனகத்தின் கையிலிருந்த தேங்காய்ப் பருப்பு கீழே விழுந்தது. "மேக்கால ஊட்டுக்குத் தெரியுமா?" என்றுதான் முதலில் கேட்டாள்.

"அருண் அண்ணந்தான் நம்ம சொந்தக்காரங்க குரூப்புல போட்டிருக்குது."

அருண்குமார் கருப்பாத்தாளின் ஒரே மகன். ஆவணியில் கல்யாணம்.

அந்த மோதிரத்தின் கதை இதுதான். மாமனார் அங்கப்பன் தன் கல்யாணத்துக்குச் செய்து போட்டுக்கொண்டது. அவர் போன பிறகு மாமியார் அதை மூத்த மருமகள் விரலில் போட்டுவிட்டார். ஆம்பளை மோதிரம். கருப்பாத்தாள் விரலோ முருங்கைக்காய். அதனால் அடிப்பக்கத்தில் மஞ்சள் நூல் சுற்றியிருக்கும். நூல் நைந்தால் அதன் மேலேயே இன்னும் நாலு சுற்றுச் சுற்றிக்கொள்வாள்.

ஒரு அமாவாசைக்கு இரண்டு பேரும் ஆனைமலை மாசாணியம்மனுக்குப் போனார்கள். அப்போது ஒற்றுமையாகத்தான் இருந்தார்கள். சாமி கும்பிடுமுன் ஆற்றில் குளியல். கருப்பாத்தாள் மோதிரத்தைக் கழற்றித் துண்டு முனையில் முடிந்து, துணிமூட்டைக்குள் வைத்து, "பாத்துக்க கனகா" என்று சொல்லிவிட்டு இறங்கினாள். அவள் கரையேறியதும் கனகம் முழுகப் போனாள். திரும்பி வந்தபோது கருப்பாத்தாள் நனைந்த துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். முனையில் முடிச்சு இருந்த சுருக்கம் மட்டும் இருந்தது. மோதிரம் இல்லை.

"உன்ர கையிலதான குடுத்தேன்" என்றாள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை. ஈரச்சேலையோடு நேராகக் கோயிலுக்குப் போய், மிளகாய் வாங்கி, அங்கிருந்த அம்மியில் அரைத்தாள். பொருளைப் பறிகொடுத்தவர்கள் நியாயம் கேட்டு அந்த அம்மனுக்கு மிளகாய் அரைத்துப் பூசுவது வழக்கம். பொருள் திரும்பி வந்தால் எண்ணெய்க்காப்புச் செய்து அம்மனைக் குளிர வைக்க வேண்டும். அதுவரைக்கும் எடுத்தவளுக்கு எரியும். "எடுத்தவ குடும்பம் வெளங்கக் கூடாது தாயே" என்று கருப்பாத்தாள் கும்பிட்டபோது, துணிமூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு கனகம் பக்கத்திலேயே நின்றாள்.

அதற்குப் பிறகு கிழக்கு வீட்டில் எது நடந்தாலும் ஊர் மேற்கு வீட்டைப் பார்த்தது. மருதாசலம் மோட்டார் போடப் போய் வரப்பில் வழுக்கி இடுப்பை ஒடித்துக்கொண்டான். "மொளகா வேல செய்யுது" என்றார்கள். யானை வந்து கனகத்தின் தென்னங்கன்றுகளை மட்டும் பிடுங்கிப் போட்டது. அதற்கும் மிளகாய்தான். எடுக்காதவளுக்கும் எரியுமோ என்று கனகத்துக்கே சில நேரம் சந்தேகம் வந்துவிடும்.

இப்போது கல்யாணத்திலும் அது வந்து நின்றது. மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவள், இல்லாவிட்டால் பங்காளி வீட்டுப் பெண், பட்டுடுத்திப் பக்கத்தில் உட்கார்ந்து இணைச்சீர் செய்ய வேண்டும். அருண்குமாருக்கு இருப்பது சித்தப்பன் மகள் லோகப்பிரியா ஒருத்திதான். "திருடி பெத்தத என்ர பையன் பக்கத்துல உக்கார வெக்கமாட்டேன்" என்று கருப்பாத்தாள் ஈரோட்டில் எங்கோ ஒரு தூரத்துப் பங்காளி வீட்டில் பெண் பார்த்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் அருண்குமார் அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, களத்திலிருந்தே சென்னகிருஷ்ணனுக்கு ஸ்பீக்கரில் போன் போட்டான். கனகம் சன்னலோரம் நின்று கேட்டாள்.

"ஏனுங்கம்மா, மோதிரம் எப்பிடி இருந்துச்சுங்க?" என்றது அந்தப் பக்கத்துக் குரல்.

"வழுவழுன்னு இருக்குமுங்க. கல்லு கில்லு கெடையாது. நூலு சுத்தியிருப்பேன்."

"நூலெல்லாம் ஆத்துல மக்கியிருக்குமுங்க. எழுத்து ஏதாச்சும்?"

"ஒரு எழுத்தும் கெடையாதுங்க. அத்தன வருசம் என்ர விரல்ல கெடந்துது. எனக்குத் தெரியாதா?"

"அப்பிடீன்னா இது உங்களுது இல்லீங்கம்மா. இதுல எழுத்து இருக்குது."

போனை வைத்ததும் கருப்பாத்தாள் கிழக்கே பார்த்துத் திரும்பினாள். "கேட்டுக்கங்க எல்லாரும்! என்ர மோதரம் ஆத்துல போகுல. எடுத்தவ பொட்டியிலதான் தூங்குது!"

கனகம் சன்னலை விட்டு உள்ளே நகர்ந்தாள். திட்டுக்காக அல்ல. மோதிரத்தில் எழுத்து இருந்தது அவளுக்குத் தெரியும்.

கல்யாணத்துக்கு முன் கனகம் மில்லில் நூல் முடிச்சுப் போட்டவள். மாமனார் காரியம் முடிந்த கையோடு மாமியார் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். "உன்ர கைதான் சுருக்கான கை. பெரியவ விரலுக்கு ஆகற மாதிரி இதுல நூலச் சுத்திக் குடு அம்மணி. நீ சுத்துனேன்னு சொல்லீராத, அவ மூஞ்சியத் தூக்குவா." அப்போதுதான் உள்பக்கத்து எழுத்தைப் பார்த்தாள். பார்த்து, அதன் மேலேயே நூலைச் சுற்றி மறைத்தும் விட்டாள். மாமியாரும் போய்விட்டார். அது தெரிந்த உயிர் இப்போது கனகம் ஒருத்திதான்.

கணவனிடம் சொன்னாள். மருதாசலம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தான்.

"வாயத் தொறந்துபோடாத. நூலுக்கடியில இருக்கறது உனக்கு எப்பிடித் தெரியும்னு கேப்பாங்க. பிரிச்சுப் பாத்தவதான் எடுத்தவன்னு முடிச்சுருவாங்க. எங்கம்மாளயா எழுப்பிட்டு வந்து சாட்சி சொல்லச் சொல்லுவே?"

"சொல்லாமப் போனா?"

"இப்ப இருக்கற மாதிரியே இருக்கலாம்."

இப்போது இருக்கிற மாதிரி. கனகம் லோகப்பிரியாவைப் பார்த்தாள். அவள் தலை குனிந்து போனை நோண்டிக்கொண்டிருந்தாள். இன்னொரு பயமும் இருந்தது. ஆற்றில் கிடைத்தது வேறு யாருடைய மோதிரமாகவோ, எழுத்து வேறாகவோ இருந்துவிட்டால்? அப்புறம் இந்தக் களத்தில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது.

விடிந்ததும் மேற்கு வீட்டு வாசலில் போய் நின்றாள். பதினாலு வருஷத்தில் முதல் தடவை.

"அக்கா, என்கூடக் கணபதிக்கு வாங்க. அந்த எழுத்து என்னன்னு உங்க முன்னாலயே சொல்றேன். தப்பாப் போச்சுன்னா, நாந்தான் எடுத்தேன்னு ஒத்துக்கறேன்."

"ஒத்துக்கறதுக்கு எதுக்கு அத்தன தூரம்? இங்கியே ஒத்துக்க, பெட்ரோலு மிச்சம்" என்றாள் கருப்பாத்தாள். ஆனால் செருப்பை மாட்டிக்கொண்டாள். அருண்குமார் காரை எடுத்தான். முன்சீட்டில் ஒருத்தி, பின்சீட்டில் ஒருத்தி.

சென்னகிருஷ்ணன் பட்டறையில் கழற்றிப் போட்ட மோட்டார்களும் செப்புக்கம்பிச் சுருள்களும் கிடந்தன. சுவரில் ஒரு நீளக் கம்பு, அதன் நுனியில் தோசைக்கல் அகலத்துக்கு ஒரு வட்டு.

"அதுதானுங்க மெஷினு. மோட்டாருக்குக் கட்டற அதே காயில்தான். கத்துச்சுன்னா தோண்டோணும். பத்துக்கு ஒம்பது சோடா மூடிங்க" என்று சிரித்தார். யாரும் சிரிக்கவில்லை. அவர் மகள் ஹாரிகாவிடம் தெலுங்கில் டீ கொண்டுவரச் சொல்லிவிட்டு, மேசை டிராயரிலிருந்து தீப்பெட்டி ஒன்றை எடுத்து உள்ளங்கையில் மூடிக்கொண்டார். "சொல்லுங்கம்மா."

கனகம் கருப்பாத்தாளைப் பார்த்தபடியே சொன்னாள். "உள்பக்கமுங்க. மொதல்ல மாமனாரு பேரோட 'அ' இருக்கும். அப்பறம் 'பிலவ தை'."

அவர் தீப்பெட்டியைத் திறந்து, பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். எழுத்துக் கூட்டி இன்னொரு தடவை படித்தார். "செரியாச் சொல்லீட்டாங்க."

கருப்பாத்தாள் எழுந்தேவிட்டாள். "பாத்தயா அருணு! என்ர விரல்ல கெடந்ததுல எனக்கே தெரியாத எழுத்து இவளுக்கு எப்பிடித் தெரிஞ்சுது? எடுத்து வெச்சுப் பாத்தவளுக்குத்தான தெரியும்?"

"அம்மா, இரு" என்றான் அருண்குமார். "பிலவ வருசம் கொரோனாச் சமயத்துல வந்தது. இது புது மோதரம். நம்முளுதே இல்ல."

கனகத்துக்கு அந்தப் பக்கம் போனாலும் அடி, இந்தப் பக்கம் போனாலும் அடி.

"நானும் மொதல்ல அப்பிடித்தான் நெனச்சனுங்க தம்பி" என்றார் சென்னகிருஷ்ணன். "ஆனா அறுவது வருசத்துக்கு ஒருக்கா அதே பேரு திரும்பி வருமல்லங்க. கொரோனாச் சமயத்துல கடையில எடுத்ததுன்னா ஹால்மார்க் குத்து இருக்கோணும். இதுல இல்ல. செரி, ஆசாரிகிட்ட செஞ்சிருக்கலாம். ஆனா ஒட்டு வெச்ச எடத்தப் பாருங்க, செவப்பாத் தெரியுது. அது செம்பு கலந்து ஒட்டற பழைய காலத்துப் பொடி. பின்னால வந்த கேடிஎம் ஒட்டு தங்கத்தோட தங்கமா மறஞ்சுக்கும். எழுத்தும் உளியில வெட்டுனது. இது முந்துன பிலவதானுங்க."

கருப்பாத்தாள் மெல்ல உட்கார்ந்தாள். அவளுக்குப் படிப்புக் கிடையாது. ஆனால் சொந்தத்தில் எந்தக் கல்யாணம் எப்போது என்று கேட்டால் நாக்கு நுனியில் இருக்கும். "எங்க மாமனாரு கல்யாணம் சீனாச் சண்டைக்கு முந்துன தையில" என்றாள். தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல.

"இன்னொண்ணும் பாருங்க. மேல்பாதி தேஞ்சு வழுவழுன்னு இருக்குது. கீழ்ப்பாதி அந்தளவுக்குத் தேயல. ரொம்ப வருசம் நூலு சுத்தியே கெடந்த மோதரம். எழுத்து இருக்கறதும் அந்த நூலுக்கடியிலதான். நீங்க எப்பவாச்சும் நூல முழுசாப் பிரிச்சீங்களா?"

"பிரிக்குல. மேலயே சுத்திக்குவேன். எங்க மாமியா சுத்திக் குடுத்தது."

"சுத்துனது நானுங்க அக்கா. அத்தை சொல்லித்தான் சுத்துனேன். உங்ககிட்டச் சொல்ல வேண்டாம்னுட்டாங்க."

கருப்பாத்தாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். அந்த மோதிரம்தான் என்பதில் இனிப் பேச்சில்லை. ஆனால் முகம் இளகவில்லை. "செரி. எடுத்தவ பயந்துட்டு ஆத்துல வீசியிருப்பா."

சென்னகிருஷ்ணன் மோதிரத்தை மேசையில் வைத்தார்.

"அன்னைக்கு எந்த எடத்துல குளிச்சீங்க?" என்றார் சென்னகிருஷ்ணன்.

"மருத மரத்துக்குக் கீழ. தொவைக்கிற கல்லுக்குப் பக்கத்துல."

"அந்தக் கல்லு இப்பச் சாஞ்சு மணல்ல பொதஞ்சு கெடக்குதுங்க. அதோட அடியிலதான், மொழங்கை ஆழத்துல எடுத்தேன்."

கல் என்றதும் கனகத்துக்குள் ஏதோ திறந்தது. பதினாலு வருஷமாகக் கண்ணுக்குள்ளேயே கிடந்தும் இவ்வளவு நாளும் கேட்கத் தோன்றாத ஒன்று.

"அக்கா. மூட்டைய நான் காஞ்ச மணல்ல வெச்சிருந்தேன். முழுகிட்டு வந்து பாத்தப்ப துண்டு உங்க கையில சொட்டச் சொட்ட ஈரமா இருந்துது. துண்டு எப்பிடி நனஞ்சுது?"

கருப்பாத்தாள் துண்டைப் பிழிவது போல இரண்டு கையையும் முறுக்கிப் பார்த்தாள். ஹாரிகா கொண்டுவந்து வைத்த டீயில் ஆடை படிந்தது.

"மஞ்சக் கறை" என்றாள் கடைசியில். யாரோ பேசுவது போல இருந்தது குரல். "துண்டுல மஞ்சக் கறை இருந்துது. கல்லுல ரெண்டு அடி அடிச்சு அலசுனேன். முடிஞ்சு வெச்சது நெனப்பே இல்லாம..."

அருண்குமார் அம்மாவைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தான்.

கருப்பாத்தாள் மோதிரத்தை எடுத்து விரலில் போட்டாள். முன்னைவிட மெலிந்த விரல். போட்டதும் வழுக்கிக்கொண்டு வந்தது. சென்னகிருஷ்ணன் காயில் கட்டுகிற நூல்கண்டை எடுத்து நீட்டினார். அவள் அதை வாங்கி, மோதிரத்தோடு கனகத்தின் பக்கம் தள்ளினாள். "நீயே சுத்திக் குடு."

கனகம் நூல்கண்டைத் தொடவில்லை.

"நூலு அப்பறம் சுத்திக்கலாமுங்க. மொதல்ல ஆனைமலைக்குப் போகோணும். நீங்க மொளகா அரச்சப்ப நான் பக்கத்துல நின்னேன். எண்ணெய ஊத்தி அம்மனக் குளுர வெக்கறப்பவும் நான் பக்கத்துல நிக்கோணும். என்ர புள்ளயும் நிக்கோணும்."

அவள் அழவில்லை. குரலும் உயரவில்லை.

கருப்பாத்தாள் மோதிரத்தைத் திரும்பக் கையில் எடுத்துக்கொண்டாள். "வெள்ளிக்கெழம போலாமா, அமாவாச வரைக்கும் இருக்கோணுமா?"

"வெள்ளிக்கெழமயே போலாமுங்க."

"செரி. வர்ற வழியில பொள்ளாச்சியில நின்னு லோகப்பிரியாளுக்குப் பட்டு எடுத்துறலாம். ஈரோட்டுக்காரங்களுக்கு அருணு போன் பண்ணிச் சொல்லிப்போடுவான்."

கிளம்பும்போது கருப்பாத்தாள் பழக்கத்தில் மோதிரத்தைச் சேலை முனையில் முடியப் போனாள். பாதி முடிச்சில் கை நின்றது. பிரித்து எடுத்து, கனகத்தின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டாள்.

"பாத்துக்க கனகா" என்றாள்.